வழி சொல்பவரை எவ்வளவு நம்பலாம்?

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லேபில் இருந்த ரௌட்டர்கள் எல்லாவற்றுக்கும் கையாலேயே ஸ்டாட்டிக் ரூட் எழுதி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பிங் போகவைத்துவிட்டாய் என்று படித்தபோது மனசு நிறைந்தது. “இதுவே ஒழுங்காக வேலை செய்கிறதே அக்கா, பிறகு எதற்கு ரிப், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என்று இத்தனை?” என்று கேட்டிருக்கிறாய். தேர்வுக்காக எண்களை மனப்பாடம் பண்ணத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வி உனக்கு வந்தது ரொம்ப நல்லது.

ஸ்டாட்டிக் ரூட்டைக் குறைத்து மதிப்பிடாதே. வெளியே போக ஒரே வழி உள்ள கிளை அலுவலகத்துக்கு இன்றைக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் அதில் இருப்பது நீ தட்டச்சு செய்த நேரத்து நிலவரம் மட்டுமே. ராத்திரி இரண்டு மணிக்கு எங்கோ சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்தால், மாற்றுப் பாதை பக்கத்திலேயே இருந்தும் உன் ரௌட்டருக்கு அது தெரியாது. யாராவது எழுந்து வந்து மாற்றி எழுத வேண்டும். அந்த வேலையை ரௌட்டர்களே தங்களுக்குள் செய்தி சொல்லிப் பார்த்துக்கொள்வதுதான் டைனமிக் ரௌட்டிங். நீ கேட்ட ரிப், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் அதற்கான முறைகள். குறுகிய பாதையைக் கணக்குப் போடுவது இதில் எளிய பகுதி. பக்கத்து ரௌட்டர் சொன்னது உண்மையா, சொன்னபோது உண்மையாக இருந்தது இப்போதும் உண்மையா என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

முதலில் ரிப். 1988இல் சார்லஸ் ஹெட்ரிக் இதை ஆர்எஃப்சி 1058 ஆக எழுதிவைத்தார். நடைமுறையில் அதற்கு முன்பே யூனிக்ஸ் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ரௌட்டரும் 30 நொடிக்கு ஒரு முறை தன் அட்டவணையைப் பக்கத்து ரௌட்டருக்குச் சொல்லும். “அந்த நெட்வொர்க் எனக்கு 2 ஹாப் தூரம்” என்று கேட்டவர், “அப்படியானால் எனக்கு 3” என்று குறித்துக்கொள்வார். வழியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேள்விப்பட்டதை மட்டும் வைத்து நடக்கும் குடும்பம் இது.

இதன் பலவீனத்தைத் தாளில் வரைந்து பார். அ, ஆ, இ என்று வரிசையாக மூன்று ரௌட்டர்கள். இ-க்குப் பின்னால் ஒரு நெட்வொர்க். அதற்கு இ-யிடமிருந்து தூரம் 1, ஆ-விடமிருந்து 2, அ-விடமிருந்து 3. இப்போது ஆ-வுக்கும் இ-க்கும் நடுவே இணைப்பு அறுகிறது. ஆ அதைச் சொல்வதற்குள் அ தன் வழக்கமான செய்தியை அனுப்பிவிடுகிறது: “எனக்கு 3.” அந்த 3 தன் வழியாகவே போவது என்று ஆ-வுக்குத் தெரியாது. புது வழி கிடைத்ததென்று 4 போட்டுக்கொள்ளும். அ-வின் வழி ஆ வழியாகத்தானே? அது 5 ஆக்கிக்கொள்ளும். பிறகு 6, 7, 8. இதற்கிடையில் வரும் பாக்கெட்டுகள் இரண்டுக்கும் நடுவே ஆயுள் தீரும்வரை அலைந்து சாகும். இந்த எண்ணிக்கைக்கு முடிவு வேண்டும் என்பதற்காகவே ரிப்பில் 16 என்றால் முடிவிலி. பதினைந்து ஹாப்புக்கு மேல் உலகமே இல்லை. யாரிடம் கேட்டாயோ அவரிடமே திருப்பிச் சொல்லாதே என்ற விதி இரண்டு ரௌட்டர்களுக்குள் நடக்கும் இந்தக் குழப்பத்தைத் தடுக்கும். மூன்று பேர் வளையமாக இருந்தால் அதுவும் போதாது. ரிப்பைப் பழைய காலத்துச் சரக்கு என்று தள்ளாமல் இந்த ஒன்றை ஆழமாகப் புரிந்துகொள்.

கேள்விப்பட்டதை நம்பாமல், ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்த இணைப்புகளை மட்டும் எல்லோருக்கும் சொன்னால் என்ன? இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1979இல் அந்தப் பக்கம் மாறியது. எல்லோர் கையிலும் ஒரே வரைபடம். அவரவர் இடத்திலிருந்து அவரவர் கணக்கு. ஓஎஸ்பிஎஃப் அந்த வழியில் வந்தது. கணக்கு கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவுடையது. 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் இருபது நிமிடத்தில் யோசித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் இங்கேயும் ‘இன்னும் உண்மையா’ என்ற கேள்வி விடவில்லை. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்பாநெட் முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. காரணத்தை எரிக் ரோசன் ஆர்எஃப்சி 789இல் விளக்கியிருக்கிறார். அதை நீ கட்டாயம் படிக்க வேண்டும். எது புதிய செய்தி என்று அறிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 63 வரை சுற்றிவரும் ஒரு வரிசை எண் இருந்தது. ஒரு கணுவின் நினைவகத்தில் பிட்டுகள் உதிர்ந்து, ஒரே இடத்துச் செய்தி 8, 40, 44 என்று மூன்று எண்களோடு கிளம்பியது. சுற்றுக் கணக்கில் 8-ஐவிட 40 புதியது, 40-ஐவிட 44 புதியது, 44-ஐவிட 8 புதியது! ஒவ்வொரு கணுவும் விதிப்படி நடந்து, ‘புதிய’ செய்தியை ஏற்று, அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. உண்மையான வேலைக்கு இடமே இல்லாமல் போயிற்று. கம்பியில் போகும்போது சரிபார்ப்பு இருந்தது; நினைவகத்தில் கிடக்கும்போது இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு ஓஎஸ்பிஎஃப்பைப் பார். அதன் வரிசை எண் 32 பிட், சுற்றி வராது. செய்தியைச் சேமித்த பிறகும் செக்சம் கூடவே இருக்கும். எந்தச் செய்திக்கும் ஆயுள் ஒரு மணி நேரம். உண்மையாகவே இருந்தாலும் அரை மணிக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் சலிப்பூட்டும் பட்டியலாக வரும் இந்த எண்களுக்குப் பின்னால் இப்படி ஒரு நாள் இருக்கிறது.

பிஜிபியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க நினைத்து, யூடியூபின் 256 முகவரிகள் தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதியை. குறுகிய தொகுதிக்கே முன்னுரிமை என்பது ரௌட்டிங்கின் அடிப்படை விதி. அந்த அறிவிப்பு நாட்டு எல்லையைத் தாண்டிக் கசிந்ததும் உலகின் பல இடங்களில் யூடியூபுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் பாகிஸ்தான் பக்கம் திரும்பின. நிலைமை சீராக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. நிறுவனங்களுக்கு இடையே செய்தி போகும்போது, சொல்பவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டா என்று சோதிக்க பிஜிபிக்குத் தானாகத் தெரியாது. அந்தச் சோதனையைப் பின்னால்தான் சேர்த்தார்கள். எல்லோரும் இன்னும் போடவில்லை.

இந்த வாரம் ஒரு வேலை செய். பாக்கெட் டிரேசரில் மூன்று ரௌட்டர்களை வளையமாக இணைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் நடுவே இரண்டு ஸ்விட்ச் வை. அந்தப் பக்கத்தின் வழியாகப் பிங்கை ஓடவிட்டு, அந்த இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள கேபிளை எடு. ரௌட்டரின் போர்ட் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இணைப்பு அறுந்ததை, செய்தி வராததை வைத்துத்தான் ரௌட்டர் புரிந்துகொள்ள வேண்டும். ஓஎஸ்பிஎஃப் 40 நொடி பொறுத்துப் பார்க்கும், ரிப் 180 நொடி. இரண்டிலும் பிங் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆயிற்று, ரிப்பில் 180-ஐத் தாண்டியும் ஏன் இழுத்தது என்று யோசித்து எனக்கு எழுது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா