உத்திராடத்தன்று நின்ற வண்டி

ஓணத்திற்கு முந்திய நாளாகிய உத்திராடத்தன்று தம்பானூர் எப்படி இருக்கும் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ரயிலிலிருந்து இறங்குவோர் ஒரு பக்கம், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோர் மறு பக்கம், சாலைக் கடைத்தெருவிற்குச் சாமான் வாங்கச் செல்வோர் நடுவில் என்று, கால் வைக்க இடமில்லாத நாள் அது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி காலை, இரவு வேலை முடிந்து ரயில் நிலையத்திலிருந்து நான் வெளியே வந்தபோது, எதிரே ஒரு பிக்கப் வண்டி நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் பஸ்களும் ஆட்டோக்களும் ஓயாமல் ஒலி எழுப்பின. வண்டியின் மேல் பூக்கூடைகள். கீழே நின்று நெற்றியைத் துடைத்துக் கொண்டிருந்தவர் என் அக்காளின் கணவர்.

என்னைக் கண்டதும் அவர், "வா மாப்பிள்ளை, நீ ஜாமீன் போட்ட வண்டியைப் பார்" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் அது உண்மை. பழைய வண்டியொன்றை மலிவாக வாங்கிப் பழுது பார்த்து ஓட்டுவதுதான் அத்தானின் எண்ணமாக இருந்தது. "புதிய வண்டி வாங்குங்கள் அத்தான், உத்தரவாதம் உண்டு, வொர்க்‌ஷாப்பில் காத்துக் கிடக்க வேண்டாம்" என்று வற்புறுத்தியவன் நான். 2022 பிப்ரவரியில், அக்காளின் ஆறு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. மீதிப் பணத்திற்கு 60 மாதத் தவணை. அரசாங்க உத்தியோகஸ்தன் என்ற முறையில் ஜாமீன் கையெழுத்து என்னுடையது. வண்டி நின்றால் அவருடைய வயிற்றுப்பாடு மட்டுமன்று, என் சம்பளமும் ஆட்டங்காணும் என்ற நிலை.

வாங்கிய முதற் பத்து மாதங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவில் புறப்பட்டுத் தோவாளைக்குச் செல்வார். விடியுமுன் பிச்சியும் மல்லிகையும் அரளியும் ஏற்றிக்கொண்டு, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகச் சாலைக் கடைத்தெருவை வந்தடைவார். இரவு விழிப்பு உடம்புக்கு ஒவ்வாது என்று வைத்தியர் எச்சரித்தபின், 2023 ஜனவரி முதல் மொத்த வியாபாரி ஒருவருக்காகச் சாலையிலிருந்து நகரத்துக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் பூவும் காய்கறியும் கொண்டு கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். மூன்று கிலோமீட்டர் ஓடுவது, நிற்பது, எஞ்சினை அணைக்காமல் கூடையை இறக்குவது, மீண்டும் இரண்டு கிலோமீட்டர் ஓடுவது என்று பொழுது கழிந்தது.

மார்ச் மாதத்தில் வண்டியின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வொர்க்‌ஷாப்பிற்குக் கொண்டு சென்றார். கணினியைப் பொருத்தி ஏதோ செய்தனர். விளக்கு அணைந்தது. பில் வந்தது. மே 2, ஜூன் 9, ஜூலை 3, ஜூலை 27 ஆகிய நாட்களிலும் இதே கதை. ஐந்து முறையும் சேர்த்துச் செலவு 11,400 ரூபாய். வேலையின்றிக் கழிந்த நாட்கள் 17. காரணம் கேட்டால், "டீஸல் சரியில்லை" என்றார்கள் ஒரு முறை. "அதிக பாரம் ஏற்றுகிறீர்கள்" என்றார்கள் மறுமுறை. உத்திராடத்தன்று வண்டி இழுவையை முற்றிலும் இழந்து நின்றது. அன்று வாடிய பூவிற்காக வியாபாரி பிடித்துக் கொண்ட தொகை 23,000 ரூபாய்.

அதன் பின்னர் அத்தான் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. அக்காள் மட்டும் தொலைபேசியில், "அவர் கோபத்தைப் பெரிதுபடுத்தாதே தம்பி" என்றாள். சங்கிலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

டீஸல் எஞ்சின் நமக்குப் புதிதன்று. ஜெர்மானியராகிய ருடால்ஃப் டீஸல் 1897-இல் தமது எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். நம் திருவனந்தபுரத்தில் 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பஸ் போக்குவரத்து தொடங்கியபோது ஓடிய பஸ்களும், லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் பணியாற்றி இங்கு வந்த சால்ட்டர் என்பாரின் மேற்பார்வையில் கட்டப்பட்ட டீஸல் வண்டிகளே. அக்கால எஞ்சின் கரும்புகையைக் கக்கும். ஆனால் தெருவோர மெக்கானிக்கும் அதைத் திறந்து பார்த்து நோயறிவான்.

இன்றைய எஞ்சினின் செய்தி வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகள் அனைத்தும் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. அதற்கேற்ப டீஸலில் இருக்கக்கூடிய கந்தகத்தின் அளவும், பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகையிலுள்ள கரித்தூளைப் பிடித்து நிறுத்துவதற்காக, புகைக்குழாயின் வழியில் ஒரு வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். அதில் கரி சேரச் சேர, எஞ்சினே சிறிதளவு டீஸலை அதிகமாகச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறக்குறைய 600 டிகிரிக்கு உயர்த்தி, அக்கரியை எரித்துவிடும். இவ்வேலை நடக்க, வண்டி சற்று வேகமாக, இடைவிடாமல், கால் மணி நேரமாவது ஓட வேண்டும். நின்று நின்று ஓடும் வண்டியில் வெப்பம் ஏறாது. பாதியில் எஞ்சினை அணைத்தால் எரிப்பதும் பாதியில் நிற்கும். அது பலமுறை நேர்ந்தால், அதிகமாகச் செலுத்திய டீஸல் எஞ்சின் எண்ணெயோடு கலந்து எண்ணெயையும் கெடுக்கும். வடிகட்டி அடைபட்டால், எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் சக்தியைத் தானே குறைத்துக் கொள்ளும். உத்திராடத்தன்று நடந்தது அதுதான்.

இதையெல்லாம் நான் அறிந்தது எவ்வாறு? அத்தானுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஓடிய தூரம், ஏற்றிய எடை, போட்ட டீஸல் ஆகியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். மௌனம் கலைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நோட்டுகளையும் வொர்க்‌ஷாப் கொடுத்த ஜாப் கார்டுகளையும் என் மேஜையில் பரப்பினேன். என் உத்தியோகமே பதிவேடுகளோடு உறவாடுவது. ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் வழியில் கண்ட குறையைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் ஷெட்டில் பழுது நீக்குவார்கள். எழுதாத குறை எங்கள் இலாகாவில் குறையே அன்று. அம்முறையில் தேதிவாரியாக ஒரு பட்டியல் தயாரித்தேன். தோவாளைக்கு ஓடிய பத்து மாதங்களில் விளக்கு ஒரு முறையும் எரியவில்லை. ஐந்து முறை எரிந்ததும் நகரத்து ஓட்டத்தில்தான். எடையோ, ஒரு நாளும் அனுமதித்த அளவைத் தாண்டவில்லை. "அதிக பாரம்" என்ற பேச்சு அந்த நோட்டின் முன் நிற்கவில்லை.

ஆயினும் பட்டியல் எங்கள் பக்கத்துத் தவற்றையும் காட்டியது. விளக்கைப் பற்றி வண்டியோடு கொடுத்த கையேட்டில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதை அத்தான் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்த நானும் படிக்கவில்லை. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டவனுக்குக் கையேட்டின் நான்கு பக்கங்களைப் படிக்க நேரமில்லாமல் போயிற்று! எந்த வேலைக்கு எந்த வண்டி பொருந்தும் என்று விசாரிக்காமலேயே "புதியது வாங்குங்கள்" என்று சொன்னதும் என் குற்றமே.

இதற்கிடையில் ஒரு மெக்கானிக் சுலபமான வழியொன்றைச் சொன்னார். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கணினியில் அதற்கேற்ப மாற்றம் செய்தால் விளக்கு எந்நாளும் எரியாதாம். அத்தான் ஏறக்குறைய இசைந்துவிட்டார். நான் தடுத்தேன். "உன் சட்டம் என் பூவைக் காப்பாற்றியதா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். என்னிடம் உடனே விடையில்லை. சற்றுப் பொறுத்து, "அதைக் கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் அத்தான், பிறகு யாரிடமும் நியாயம் கேட்க நமக்கு வாயிராது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். ஆனால் வண்டியை அந்த மெக்கானிக்கிடம் விடவில்லை.

பெரிய கம்பெனிகளே இக்குறுக்கு வழியில் சென்று பட்டதுண்டு. அமெரிக்காவில் ராம் பிக்கப் வண்டிகளுக்கு டீஸல் எஞ்சின் செய்து கொடுத்த கம்மின்ஸ் கம்பெனி, புகைக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் சாதனங்களைப் பொருத்தியதாக எழுந்த குற்றச்சாட்டில், 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த 2023 டிசம்பரில் இசைந்தது. அந்நாட்டிலேயே ஃபோர்டு கம்பெனியின் கனரகப் பிக்கப்புகளில் 2003 முதல் வந்த 6 லிட்டர் டீஸல் எஞ்சினைப் பற்றி வண்டிக்காரர்கள் ஓயாமல் புகார் செய்தனர். பழுது பார்த்த செலவு யாரைச் சேர்ந்தது என்று, வண்டி செய்த ஃபோர்டும் எஞ்சின் செய்த நாவிஸ்டாரும் 2007-இல் நீதிமன்றம் ஏறி, 2009-இல் சமாதானமாயின. கம்பெனிகளுக்குள்ளேயே பொறுப்பு யாருடையது என்ற வழக்கு இருக்குமானால், பூ ஏற்றும் நம் போன்றோர் எழுத்து ஆதாரமில்லாமல் வாதாடுவது எவ்வாறு?

சட்டம் நமக்கு உதவுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தேன். வியாபார நோக்கத்திற்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. இதைக் கேட்டே வண்டிக்காரர் பலர் மனந்தளர்ந்து விடுகிறார்கள். ஆனால் ஒருவர் சுயதொழில் மூலம் தம் ஜீவனத்தைத் தேடிக்கொள்ளும் பொருட்டே வாங்கி, தாமே பயன்படுத்தினால் அவர் நுகர்வோரே என்று சட்டம் விலக்களிக்கிறது. 1995-இல் லக்ஷ்மி எஞ்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில், தாமே லாரி ஓட்டிப் பிழைப்பவரை இதற்கு உதாரணமாக உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் அமலிலுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விலக்கு உண்டு. முறையீட்டை நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்திற்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். வழக்கிற்கான காரணம் நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

செப்டம்பரில், விற்றவருக்கும் செய்த கம்பெனிக்கும் பட்டியலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். அதில் வசைச்சொல் ஒன்றுமில்லை. தேதி, தூரம், எடை, பில் எண், கேட்பது என்ன என்பவை மட்டுமே. அக்டோபரில் கம்பெனியின் எஞ்சினீயர் ஒருவர் வந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி அரை நாள் சோதித்தார். வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் கருவிக்குச் செல்லும் சிறு குழாயில் வெடிப்பு இருந்தது. அதனால் கரி சேர்ந்த அளவு எஞ்சினுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். நகரத்து ஓட்டமும் ஒரு காரணமே என்று சொல்லி, எங்கள் பங்கையும் மறைக்காமல் விளக்கினார். விற்றவன் அன்றே இந்த விளக்கத்தைத் தந்திருந்தால் ஐந்து முறை அலைந்திருக்க வேண்டாம்.

உத்தரவாதத்தின் பேரில் வடிகட்டியும் குழாயும் கருவியும் மாற்றப்பட்டன. 11,400 ரூபாய் திரும்பக் கிடைத்தது. பதினேழு நாள் கூலியும் உத்திராடத்துப் பூவின் விலையும் கிடைக்கவில்லை. அதற்காக ஆணையத்திற்குச் செல்ல வேண்டும் என்றேன் நான். "வண்டி ஓடட்டும் மாப்பிள்ளை. வழக்குக்கு அலையும் நாளும் கூலி இல்லாத நாள்தானே" என்றார் அத்தான். அவர் சொன்னது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. இழந்தவர் அவர், முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே என்று விட்டுவிட்டேன்.

இப்பொழுது அவர் வாரம் இருமுறை பகலில் தோவாளைக்குச் சென்று வருகிறார். நெடுஞ்சாலை ஓட்டம் வடிகட்டியைச் சுத்தமாக வைக்கிறது. விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காமல் பாலராமபுரம் வரை ஒருமுறை போய்வந்து விடுகிறார். கையேட்டின் அந்த நான்கு பக்கங்களைத் தமிழில் எழுதி, வண்டியின் உள்ளே ஒட்டிக் கொடுத்தேன். சாலையிலுள்ள வேறு இரு வண்டிக்காரர்களும் அதைப் பிரதியெடுத்துச் சென்றார்கள்.

வண்டி வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. நம் ஓட்டம் எத்தகையது என்பதை விற்பவரிடம் முதலிலேயே சொல்லி, பொருந்துமா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு ஜாப் கார்டிலும் நீங்கள் சொன்ன குறை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள். நோட்டுப் புத்தகத்தின் விலை இருபது ரூபாய். எங்களுக்கு அது செய்த உதவி பெரிது.

2024 செப்டம்பர் 14, மறு உத்திராடம். இரவு வேலை முடிந்து வெளியே வந்தேன். ரயில் நிலையத்தின் எதிரே அதே வண்டி வேகம் குறைந்து வந்தது. என் நெஞ்சு ஒரு கணம் திக்கென்றது. அத்தான் எஞ்சினை அணைக்காமலே கையை நீட்டி, வாழையிலையில் பொதிந்த பிச்சிப் பூவைக் கொடுத்தார். "பிள்ளைகளுக்குக் கொடு மாப்பிள்ளை, நிற்க நேரமில்லை" என்று சொல்லிப் போய்விட்டார். தவணைகள் அன்று இன்னும் 29 பாக்கி. அக்காளின் சங்கிலியும் அடகுக் கடையிலேயே இருந்தது. எனினும் அன்று காலை நான் நிம்மதியாக வீட்டிற்கு நடந்தேன்.