காது திறந்திருக்கா?

அமெரிக்கப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பதினெட்டுச் சக்கர ட்ரக் ஒன்று ஹைவேயில் பறந்துகொண்டிருக்கும். டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மறு கையால் சுருள் ஒயர் தொங்கும் மைக்கை எடுத்துக் கரகரவென்று ஏதோ பேசுவார். அது போலீஸ் வயர்லெஸ் இல்லை, போனும் இல்லை. சிட்டிசன்ஸ் பேண்ட் ரேடியோ. சுருக்கமாக சி.பி.

சி.பி.யில் பேசியவர்களைப் பற்றிப் பாட்டு வந்திருக்கிறது, படம் வந்திருக்கிறது. ஆனால் மைக்கைத் தொடாமல், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற ஒரு கூட்டமும் உண்டு. ரேடியோவைக் குடைவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். அவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை. இத்தனைக்கும் சி.பி. எப்படி வளர்ந்தது, எப்படித் திணறியது என்பதைக் காதாலேயே கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான்.

முதலில் அடிப்படை விஷயம். சி.பி. ஓடுவது 27 மெகா ஹெர்ட்ஸ் பக்கத்தில். அமெரிக்காவில் மொத்தம் 40 சேனல்கள். முதல் சேனல் 26.965 மெகா ஹெர்ட்ஸ், நாற்பதாவது சேனல் 27.405. ஏ.எம்.மில் பேச அனுமதிக்கப்பட்ட சக்தி வெறும் 4 வாட்ஸ். வண்டிக்கு வண்டி சில மைல் தூரம் போகும், அவ்வளவுதான். கேட்பதற்கு சி.பி. செட்டே வேண்டும் என்பதில்லை. இந்த அலைவரிசை வரைக்கும் போகிற ஷார்ட்வேவ் ரிசீவர் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, நிறைய பொறுமை. இவ்வளவு போதும். செட்டில் ஸ்குவெல்ச் என்று ஒரு குமிழ் இருந்தால், அதைத் திருகி இரைச்சலை அடைத்துவிடலாம். ஆனால் பழகிய காதுக்காரர்கள் அதைத் திறந்தேதான் வைப்பார்கள். தூரத்துக் குரல்கள் எல்லாம் அந்த இரைச்சலுக்கு அடியில்தானே கிடக்கின்றன!

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்பில்லையா? நியாயமான கேள்வி. அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டம் ரேடியோவில் பிடித்த அடுத்தவர் பேச்சை வெளியே சொல்வதைத் தடை செய்கிறது. ஆனால் இப்போதுள்ள அதே பிரிவின் கடைசியில் ஒரு விலக்கு வருகிறது. பொதுமக்களுக்கான ஒலிபரப்பு, ஆபத்தில் இருப்பவர்களின் அழைப்பு, அமெச்சூர் ரேடியோ, சி.பி. ஆகியவற்றுக்கு இந்தத் தடை கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிவிட்டு, பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்டுவிட்டார் என்று கோபித்துக்கொள்ள முடியாது இல்லையா, அந்த மாதிரி. சி.பி.காரர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் 'ரீடிங் த மெயில்', அதாவது தபால் படிக்கிறார்!

சரி, அந்தத் தபாலில் என்னதான் இருக்கும்?

புதிதாகக் கேட்கிறவருக்குப் பாதி புரியாது. 'பிரேக்கர் ஒன்-நைன்' என்றால், 19-ஆம் சேனலில் கொஞ்சம் வழி விடுங்கள், நானும் பேசணும் என்று அர்த்தம். 'டென்-ஃபோர்' என்றால் சரி, புரிந்தது. 'வாட்ஸ் யுவர் ட்வென்டி' என்றால் எங்கே இருக்கிறாய். இந்த எண் பாஷையெல்லாம் போலீஸ் வயர்லெஸ்ஸிலிருந்து சுட்டது. அந்தப் போலீஸ்காரருக்கே இங்கே 'ஸ்மோக்கி' என்று பெயர். காட்டுத்தீ விழிப்புணர்வு விளம்பரத்தில் வரும் ஸ்மோக்கி என்ற கரடி, போலீஸ் தொப்பி மாதிரியே அகலத் தொப்பி போட்டிருக்கும். அதனால் போலீஸ் எல்லாம் கரடி. மேலே விமானத்தில் வந்து வேகத்தை அளந்தால் 'வானத்தில் கரடி'. லாரிகளை எடை போடும் நிலையம் 'கோழிக்கூண்டு'. எல்லாவற்றையும்விட அழகான கேள்வி ஒன்று உண்டு. உன் செட் ஓடுகிறதா என்று கேட்க 'காட் யுவர் இயர்ஸ் ஆன்?' என்பார்கள். காது திறந்திருக்கா?

யாரும் நிஜப் பெயர் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கொரு புனைபெயர். மற்றபடி மழை, முதுகுவலி, அடுத்த ஊரில் காபி எப்படி இருக்கும் என்று ஓடும். பாதி நேரம் விஷயமே இருக்காது. ராத்திரி முழுக்கத் தனியாக வண்டி ஓட்டுகிறவருக்கு விஷயம் முக்கியமில்லை, இன்னொரு குரல் இருந்தால் போதும். தொடர்ந்து கேட்கிறவருக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

இப்போது கொஞ்சம் சரித்திரம். குடிமக்களுக்கென்று தனி ரேடியோ சேவை வேண்டும் என்று எஃப்.சி.சி. முடிவு செய்தது 1945-ல். முதலில் கொடுத்த அலைவரிசைக்கு செட் செய்வது செலவு பிடித்த வேலை. 1958-ல் 27 மெகா ஹெர்ட்ஸில் 23 சேனல்களைத் திறந்துவிட்ட பிறகுதான் விலை இறங்கியது. அப்போதும் சிறு வியாபாரிகள், டாக்ஸிக்காரர்கள், விவசாயிகள் என்று அளவோடுதான் புழங்கியது.

ஆட்டத்தை மாற்றியது 1973 அக்டோபரில் வந்த அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. டீசல் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை எகிறியது. எரிபொருளை மிச்சம் பிடிக்க, நாடு முழுவதும் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம் என்று 1974 ஜனவரியில் சட்டம் வந்தது. ட்ரக் டிரைவர்களில் பலருக்கு மைல் கணக்கில்தான் கூலி. வேகம் குறைந்தால் ஒரு நாளில் ஓடும் மைல் குறையும், வருமானமும் குறையும். எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்த வளைவில் கரடி உட்கார்ந்திருக்கிறது என்ற தகவலுக்குத் திடீரென்று காசு மதிப்பு வந்துவிட்டது. 1973 டிசம்பரில் டிரைவர்கள் ஹைவேக்களை மறித்துப் போராடியபோது ஆள் சேர்த்ததும் சி.பி. வழியாகத்தான்.

அந்தத் தகவலை யாரும் விற்கவில்லை என்பதுதான் விசேஷம். எதிர்த் திசையில் வருகிறவர் தான் கடந்து வந்த ரோட்டைப் பற்றிச் சொல்வார், இவர் அவருக்குத் தன் பக்கத்து ரோட்டைப் பற்றிச் சொல்வார். இருவரும் மறுபடி சந்திக்கப்போவதே இல்லை. பில் இல்லை, பற்று வரவு இல்லை. ஆனாலும் கணக்கு நேராகிவிடும்.

அப்புறம் வந்தது பாருங்கள் மோகம்! 20 டாலராக இருந்த லைசென்ஸ் கட்டணம் 1975-ல் 4 டாலராக இறங்கியது. சி.டபிள்யூ. மெக்கால் பாடிய 'கான்வாய்' என்ற ட்ரக் பாட்டு 1976 ஜனவரியில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1977-ல் 'ஸ்மோக்கி அண்ட் த பாண்டிட்' படம் சக்கைப்போடு போட்டது. ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டே 1976 தேர்தல் பிரசாரத்தில் 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற பெயரில் சி.பி.யில் பேசினார். (நம்ம ஊர் மாமா இல்லை, அம்மா!) 1977 ஜனவரி 1-ல் சேனல்கள் 23-லிருந்து 40 ஆயின. ஏராளமானோர் லைசென்ஸ் வாங்கவே இல்லை. செட்டை வாங்கினார்கள், ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டார்கள், பேச ஆரம்பித்தார்கள்.

கேட்கிறவர்களுக்குத் தலைவலி ஆரம்பித்ததும் அப்போதுதான். ஏ.எம். ரேடியோவில் ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால், இரண்டு அலைகளும் கலந்து 'கீ...' என்று ஒரு விசில்தான் வரும். இருவர் பேச்சும் போச்சு. என் குரல் எடுபடவில்லையே என்று ஒருவர் சட்டத்துக்குப் புறம்பாக ஆம்ப்ளிஃபையர் போடுவார். அதைப் பார்த்து அடுத்தவர் அதைவிடப் பெரியதாகப் போடுவார். இதில் தனித்தனியாக யாரும் முட்டாள் இல்லை. அவரவருக்கு அவரவர் செய்வது சரிதான். மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் எதுவும் கேட்காது.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது எங்கேயோ படித்த மாதிரி இருக்கும். 1968-ல் கேரட் ஹார்டின் எழுதிய பொது மேய்ச்சல் நிலத்தின் கதையேதான். எல்லோருக்கும் சொந்தமான புல்வெளியில் ஆளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டால் கடைசியில் புல்லே இருக்காது. ஒரு வித்தியாசம், புல் மறுபடி முளைக்க மாதக்கணக்காகும். அலைவரிசை அப்படியில்லை, எல்லோரும் பட்டனிலிருந்து விரலை எடுத்தால் அடுத்த நொடியே சுத்தமாகிவிடும். ஆனால் யார் முதலில் எடுப்பது?

இதற்குக் கூட்டத்துக்குள்ளிருந்தே ஒரு பதில் வந்தது. 9-ஆம் சேனல் அவசர உதவிக்கு என்று ஒதுக்கப்பட்டது. செல்போன் இல்லாத காலம். நடுராத்திரி, ஆள் அரவமில்லாத ரோட்டில் வண்டி கவிழ்ந்தால் அந்தச் சேனல்தான் கதி. அந்த அழைப்பைக் கேட்க ஆள் வேண்டுமே? 1962-ல் தொடங்கிய ரியாக்ட் என்ற தன்னார்வ அமைப்பின் உறுப்பினர்கள் முறை போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து 9-ஆம் சேனலையே கேட்டார்கள். யாராவது உதவி என்று கூப்பிட்டால் போலீஸுக்கோ ஆம்புலன்ஸுக்கோ போன் போட்டுச் சொல்வார்கள். சம்பளம் கிடையாது. பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத மணி நேரங்களை யாரோ உட்கார்ந்து கேட்டதால்தான், நடக்கிற அந்த ஒரு அழைப்புக்கு அர்த்தம் இருந்தது.

இன்னொன்று. ட்ரக்காரர்கள் முன்பு 10-ஆம் சேனலில்தான் அதிகம் பேசினார்கள். அது 9-க்கு ஒட்டிய வீடு. சத்தம் சுவர் தாண்டி அவசர அழைப்பில் கசிந்தது. அதனால்தான் 19-க்கு நகர்ந்தார்கள் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. 19-தான் டிரைவர்களின் சேனல் என்று அரசாங்கம் எந்த விதியும் போடவில்லை. அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது, இன்றும் நிலைத்திருக்கிறது. பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்துக் காப்பாற்றவும் முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். ஹார்டினும் ஆஸ்ட்ரோமும் ஒரே ரேடியோவில், பத்து சேனல் இடைவெளியில்!

ரேடியோ பைத்தியங்களுக்கு மட்டும் இதில் ஒரு போனஸ் உண்டு. சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாக இருக்கும் ஆண்டுகளில், 27 மெகா ஹெர்ட்ஸ் அலைகள் மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் போய் இறங்கும். இதற்கு 'ஸ்கிப்' என்று பெயர். சில மைல் மட்டுமே போகவேண்டிய 4 வாட்ஸ் குரல் ஒரு கண்டத்தையே தாண்டும். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை இது உச்சத்துக்கு வரும். 1979 வாக்கில் ஓர் உச்சம். சரியாக சி.பி. கூட்டம் தாங்காமல் திணறிய நேரம்! பக்கத்து ட்ரக்கோடு பேச நினைத்தவருக்கு, எங்கோ இருக்கிற நூறு பேரின் குரல் ஒன்றாகக் கலந்து வந்து விழுந்தது. அவருக்கு எரிச்சல். ஹெட்போன் மாட்டி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கோ தீபாவளி. ஏறக்குறைய 155 மைலுக்கு மேல் வேண்டுமென்றே பேசக்கூடாது என்ற விதி 2017 வரை புத்தகத்தில் இருந்தது. கேட்பதற்கு மைல் கணக்கு எப்போதும் இருந்ததில்லை.

1983-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. சி.பி.க்கு இனி லைசென்ஸே வேண்டாம் என்று எஃப்.சி.சி. கைகழுவியது. அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் வர்த்தக செல்போன் சேவை தொடங்கியது. போன் வந்ததும் கூட்டம் கலைந்தது. இன்றைக்கு டிரைவர்கள் வழி பார்ப்பதும் போலீஸைப் பார்ப்பதும் மொபைலில். 2021-ல் எஃப்.எம்.மிலும் பேசலாம் என்று அனுமதி வந்தது, ஆனாலும் பழைய கூட்டம் இல்லை. ஆனால் முன்னே விபத்து நடந்து மூன்று மைலுக்கு வண்டிகள் நின்றால், இன்றும் 19-ஆம் சேனல் சட்டென்று உயிர் பெறும். முன்னால் நிற்பவர் பின்னால் வருகிறவருக்கு எந்த லேனில் அடைப்பு என்று சொல்வார். போனில் அது முடியாது. பின்னால் வருகிறவரின் நம்பர் உங்களிடம் இல்லையே. பெயர் தெரியாத, ஆனால் இந்த நிமிடம் பக்கத்தில் இருக்கிற மனிதரோடு பேச இதைவிட எளிய வழி இன்னும் வரவில்லை.

கேட்டுப் பார்க்க ஆசையா? நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2008-ல் இணையத்தில் திறந்துவைத்த ரிசீவர் 29 மெகா ஹெர்ட்ஸ் வரை போகும். ப்ரவுசரும் ஹெட்போனும் போதும். 27-க்குப் போய், அங்கே பகல் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். முதல் அரைமணி நேரம் வெறும் இரைச்சல்தான் வரலாம், அடுத்த அரைமணியும் அப்படியே போகலாம். பிறகு தெரியாத ஒரு பாஷையில் யாரோ யாரையோ கூப்பிடுவார். பதில் வருகிறதா என்று அவரோடு சேர்ந்து நீங்களும் காத்திருப்பீர்கள்.