பரணில் ஒரு பாதிப் போர்வை

கிறிஸ்துமஸ் இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று ஆசிரியர் சொன்னபோது, முட்டையில்லாத கேக் ஒன்றின் செய்முறையை எழுதிக் கொடுத்துத் தப்பித்துக் கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். உங்களுக்கும் உபயோகம், எனக்கும் சிரமமில்லை. போதாத காலம், பக்கத்து வீட்டு டீச்சரம்மாள் ஒரு நாவலைக் கொண்டு வந்து கையில் திணித்தார். "படுக்கிறபோது படியுங்கள், சாதுவான கதை" என்றார். சாதுவான கதையாம்! மூன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஜெனிபர் சியாவெரினி என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதி 2005-ல் வெளிவந்த 'தி கிறிஸ்துமஸ் குவில்ட்' அது. குவில்ட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே, வெட்டுத் துணிகளை நட்சத்திரமாகவும் கட்டமாகவும் இணைத்த ஒரு விரிப்பு; நடுவில் பஞ்சு; அடியில் முழுத் துணி. மூன்றும் நகராதபடி நெடுகிலும் ஊசி ஓட்டித் தைத்தால் பனிக்காலத்துக்கு ஒரு போர்வை. துண்டுகளைச் சேர்ப்பதை ஒருத்தி தனியாக உட்கார்ந்தே செய்துவிடலாம். மூன்று அடுக்கையும் தைப்பதற்கு மரச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு அக்கம் பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவது அந்த நாளைய வழக்கம். சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து பகலெல்லாம் தைப்பார்கள். சாயங்காலம் ஆண்கள் சாப்பாட்டுக்கு வந்து சேருவார்கள். துணியோடு ஊர் வம்பும் எத்தனை கஜம் தைக்கப்பட்டிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கதை பென்ஸில்வேனியாவில் ஒரு பழைய மாளிகையில் நடக்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரி சில்வியா, வயதானவள், யுத்தத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். ஐம்பது வருஷத்துக்கு மேல் திறக்காமல் கிடந்த பெட்டிகளை, கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காக அவளுடைய இளம் சிநேகிதி ஸாரா திறக்கிறாள். உள்ளே முடிக்காத குவில்ட் ஒன்று. சில்வியாவின் தாயைப் பெற்ற தலைமுறையில் ஓர் அம்மாள் தொடங்கி, பிறகு தாய், பிறகு அக்கா, கடைசியில் சில்வியா என்று நாலு பேர் கை பட்டது, ஒருவரும் முடிக்கவில்லை. அக்காவோடு மனஸ்தாபம் கொண்டு வீட்டை விட்டுப் போன சில்வியா, அக்கா கண்ணை மூடிய பிறகுதான் அந்த வீட்டுக்குத் திரும்பியவள்.

இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கதையில் வருகிறவர்கள் கற்பனை. குவில்ட் தைத்து ஒப்பேற்றிய குடும்பங்கள் கற்பனை அல்ல. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியபோது, கம்பளியைப் போர்முனைப் பையன்களுக்கு விட்டுவிடுங்கள், வீட்டில் குவில்ட் தைத்துப் போர்த்திக் கொள்ளுங்கள் என்று பிரசாரமே நடந்தது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் திரட்ட, சிறு தொகை வாங்கிக் கொண்டு கொடுத்தவர் பெயரைக் குவில்டில் பின்னிக் கொடுத்தார்கள். 1930-களின் பஞ்ச காலத்தில் மாவு மூட்டைச் சாக்குத் துணிதான் பல வீடுகளில் பாவாடையும் போர்வையும். அதைக் கண்டுகொண்ட ஆலைக்காரர்கள் சாக்கிலேயே பூப்போட்டு விற்றார்கள். வியாபாரி வியாபாரிதான்!

ஆனால் என் மனசைப் பிசைந்தவள் ஹாரியட் பவர்ஸ். 1837-ல் ஜார்ஜியா மாகாணத்தில் அடிமையாகப் பிறந்த நீக்ரோ மாது என்று அந்தக் காலத்தில் எழுதியிருப்பார்கள். கறுப்பினப் பெண்மணி என்று நாம் சொல்வோம். வேத புஸ்தகக் கதைகளைப் பதினோரு படங்களாகத் துணியில் வெட்டி ஒரு குவில்ட் தைத்தாள். கடைசிப் படத்தில் சூசையப்பரும் மாதாவும் குழந்தை ஏசுவும், குழந்தையின் தலைக்கு மேல் பெத்லகேம் நட்சத்திரமும். 1886-ல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற சித்திர ஆசிரியை விலைக்குக் கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள் ஹாரியட். சில வருஷத்தில் வறுமை வந்தது. பத்து டாலர் கேட்டாள். ஆசிரியையிடம் இருந்தது ஐந்துதான். வீட்டுக்காரரைக் கலந்துகொண்டு அந்த ஐந்துக்கே கொடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்லி எழுதிக் கொள்ளச் செய்தாள். பிறகும் பல தடவை போய்த் தன் குவில்டைப் பார்த்துவிட்டு வந்தாளாம். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

விற்றவளாவது போய்ப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை.

பாட்டி தன் பழைய நூல் புடவைகளை நாலாக மடித்து விரிப்பு தைக்க ஆரம்பித்தபோது நான் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தேன். கண் மங்கிப் போயிருந்தது. ஒரு ஓரத்தில் அம்மா, எதிர் ஓரத்தில் பெரியம்மா, நடுவில் பாட்டி. அக்கா வரிசை ஒன்று, தங்கை வரிசை ஒன்று என்று பாட்டி கணக்கு வைத்திருந்தாள். பாதி ஆவதற்குள் படுத்துவிட்டாள். ஓர் இரவு எங்கள் வீட்டிலேயே உயிர் பிரிந்தது. மூன்று தடவை போன் போட்டேன், அக்கா எடுக்கவில்லை என்பது அம்மா கட்சி. மணியே அடிக்கவில்லை, வேண்டுமென்றே சொல்லவில்லை என்பது பெரியம்மா கட்சி. ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே பட்டணம், இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

மறுநாள் காலை பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பாச்சை உருண்டை வாசனையோடு விரிப்பு வெளியே வந்தது. பாட்டி குத்திய ஊசி துருப்பிடித்து அப்படியே நின்றது.

"இதை முடிக்க வேண்டாமா, அம்மா?"

அம்மா அதைத் தொடவில்லை. "எதிர் வரிசை அவளோடது" என்றாள். காய்கறி நறுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டையாகக் கட்டி எடுத்துக் கொண்டு தாம்பரம் போனேன். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கொண்டு, மடியில் விரித்து, விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவினாள்.

"இது உங்க அம்மா தைச்சது. கோழி கிளறின மாதிரி இருக்கு, பாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு ஓரம் கட்ட ஒரு பச்சைக் கரை எடுத்து வெச்சிருந்தா பாட்டி. அது எங்கே?"

"தெரியாதே பெரியம்மா. அம்மாவைத்தான் கேட்கணும்."

"நீ கேட்க வேண்டாம். போனைப் போட்டு என்கிட்டே குடு."

போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில் அம்மா மாடியில் துணி உலர்த்திக் கொண்டிருப்பாள். பெரியம்மா என் முகத்தையே பார்த்தாள்; பிறகு மடியில் இருந்த விரிப்பைப் பார்த்தாள்.

"எடுக்கலையா? சரி, மறுபடி போடு" என்றாள்.