அம்பா விலாசத்தில் கிளாஸ்கோ மயில்

மைசூருக்குச் செல்லும் அன்பர்கள் முதலில் சாமுண்டி மலைக்குச் சென்று அன்னையைத் தரிசித்து, அதன் பின்னரே கீழே இறங்கி அரண்மனையைக் காண்பது வழக்கம். அந்த வரிசை பொருத்தமானதே. மைசூரை ஆண்ட உடையார் மரபினருக்குக் குலதெய்வம் சாமுண்டீசுவரி. மலைக்குச் செல்லும் ஆயிரம் படிகளையும், வழியில் ஒரே கல்லில் அமைந்த பெரிய நந்தியையும் 17ஆம் நூற்றாண்டில் செய்வித்தவர் தொட்ட தேவராஜ உடையார். இன்று காணும் ராஜகோபுரம் 1827இல் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் எழுப்பியது. அவர் தம் தேவியரோடு கைகூப்பி நிற்கும் சிலையைச் சன்னிதியிலேயே காணலாம்.

மலைப்பாதையின் திருப்பங்களில் நின்று கீழே நோக்கினால், வெண்ணிறமான ஒரு மாளிகை கண்ணைக் கவரும். அது லலித மகால். வைசிராய் போன்ற ஐரோப்பிய விருந்தினர் தங்குவதற்காக 1920களில் கட்டப்பட்டது. லண்டன் மாநகரின் புனித பால் தேவாலயத்துக் குவிமாடத்தை நினைவூட்டும் மாடம் அதற்கு உண்டு. அழகான மாளிகைதான், ஆனால் அதில் மைசூரைத் தேடினால் கிடைப்பது கொஞ்சமே. நகரின் நடுவே கோட்டைக்குள் இருக்கும் அம்பா விலாச அரண்மனை அப்படிப்பட்டதன்று. அதையும் வரைந்தவர் ஓர் ஐரோப்பியரே. என்றாலும் அங்கே காண்பது வேறு.

கோட்டைக்குள் நுழைந்ததும் பலர் கூட்டத்தோடு கூட்டமாக அரண்மனையை நோக்கி விரைந்து விடுகிறார்கள். சற்று நின்று பார்த்தால், கோட்டையின் உட்புறத்தைச் சுற்றிலும் கோயில்களே சூழ்ந்திருப்பது புலப்படும். லட்சுமிரமண சுவாமி, திரிநேசுவரர், பிரசன்ன கிருஷ்ணர், கோட்டை ஆஞ்சநேயர், புவனேசுவரி, காயத்ரி எனப் பல சன்னிதிகள். தென்புறம் உள்ள சுவேத வராக சுவாமி திருக்கோயில் தமிழ்நாட்டு அன்பர்கள் தவறவிடக் கூடாத ஒன்று. சிக்க தேவராஜ உடையார் காலத்தில் நம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மூர்த்தி இவர். முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுந்தருளியிருந்து, 1809இல் திவான் பூர்ணையா காலத்தில் இங்கே பிரதிஷ்டை செய்யப்பட்டார். சிதைந்து கிடந்த ஹொய்சளர் கோயில் ஒன்றின் கற்களைக் கொண்டு இக்கோயிலை எழுப்பினார்கள்.

இத்தனை தெய்வங்களுக்கு நடுவில் நிற்கும் அரண்மனையின் கதை ஒரு நெருப்பில் தொடங்குகிறது.

1894ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவுக்குச் சென்றிருந்த மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் அங்கேயே நோயுற்றுக் காலமானார். சுவாமி விவேகானந்தரை விருந்தினராக வைத்துப் போற்றிய மன்னர் அவர். வயது 31. பட்டத்துக்குரிய மைந்தர் கிருஷ்ணராஜருக்குப் பத்து வயதுதான். சிறுவர் பெரியவராகும் வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர், கணவரை இழந்து நின்ற மகாராணி கெம்பநஞ்சம்மணி. வாணி விலாச சன்னிதானம் என்று மைசூர் மக்கள் அவரை மரியாதையுடன் அழைத்தனர். அவருக்குத் துணையாக நின்ற திவான், பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர்.

1897இல் மூத்த இளவரசி ஜயலட்சம்மணியின் திருமணம் நடைபெற்றது. அந்த மங்கல நாட்களிலேயே பழைய அரண்மனை தீப்பற்றிக் கொண்டது. அது 1803இல் கட்டிய அரண்மனை. தூணும் விதானமும் வேலைப்பாடுகளும் பெரும்பாலும் மரத்தாலானவை. தீ பிடித்தபின் காப்பாற்ற வழியில்லை. தந்தையில்லாத மகளுக்குத் தாய் ஒருத்தியாக நின்று நடத்திய கல்யாணத்தில், வீடே எரிந்தது. குடும்பம் அருகிலிருந்த ஜகன்மோகன் அரண்மனைக்குக் குடிபெயர்ந்தது.

இது அபசகுனம் என்று மகாராணியார் ஒடுங்கிப் போயிருக்கலாம். அல்லது ஊருக்கு வெளியே ஐரோப்பிய பாணியில் ஒரு புது மாளிகை கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அக்காலத்தில் பல சமஸ்தானங்களில் அதுதான் நாகரிகம். அவர் இரண்டையும் செய்யவில்லை. அதே ஆண்டே, அதே இடத்தில் வேலை தொடங்கியது.

கட்டடம் வரைய அழைக்கப்பட்டவர் ஹென்றி இர்வின். சென்னைவாசிகளுக்கு அவர் அந்நியர் அல்லர். உயர் நீதிமன்றக் கட்டடத்தை 1892இல் முடித்துக் கொடுத்தவர் அவர்தான். சிம்லாவில் வைசிராய் மாளிகையைக் கட்டியவரும் அவரே. எத்தனை பெரிய கட்டடக் கலைஞராயினும் மைசூரில் அவர் இஷ்டப்படி வரைந்துவிட முடியவில்லை. எரிந்துபோன அரண்மனையின் அமைப்பையே பெரிதும் பின்பற்றிப் புதியதை அமைக்க வேண்டியிருந்தது. நவராத்திரி நாட்களில் மன்னர் கொலுவீற்றிருக்க, எதிரே திறந்த முற்றத்தில் மக்கள் கூடி நிற்க வேண்டும். பூசைக்குரிய இடங்கள் வேண்டும். யானை வந்து நிற்க இடம் வேண்டும். இவை விருப்பங்கள் அல்ல. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கிய நாள்முதல் வந்த கடமைகள். ஆகவே அரண்மனையின் உடல் பழையது, பொருள்தான் மாறியது. மரம் இருந்த இடத்தில் கருங்கல்லும் செங்கல்லும் இரும்பும் வந்தன.

1912இல் வேலை முடிந்தபோது ஆன செலவு 41,47,913 ரூபாய். மூன்று அடுக்கு மாளிகை, இளஞ்சிவப்புக் குவிமாடங்கள், நடுவே 145 அடி உயரக் கோபுரம். முகப்பு வளைவுகளில் முகலாயச் சாயல் உண்டு. ராஜபுத்திரச் சாயல் உண்டு. ஐரோப்பியச் சாயலும் உண்டு. இக்கலவையை இந்தோ சாரசெனிக் பாணி என்று ஆங்கிலேயர் பெயரிட்டார்கள். மைசூர் அரண்மனையைப் பொறுத்தவரை அப்பெயர் அரைகுறைப் பெயரே. முகப்பின் நடு வளைவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால், இருபுறமும் யானைகள் சூழ கஜலட்சுமி வீற்றிருக்கிறாள். வீட்டு நிலைவாசலில் கஜலட்சுமியை வைக்கும் நம் வழக்கத்துக்கு எந்தப் பாணியின் பெயரைச் சூட்டுவது?

உள்ளே செல்லுமுன் காலணிகளைக் கழற்றி வைக்க வேண்டும். கோயிலுக்குள் போவது போலவே வெறுங்காலோடு நடக்கும் கூட்டம் மெல்லக் கல்யாண மண்டபத்தை அடைகிறது. நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். எட்டுப் பட்டையாக அமைந்த மண்டபம். மூலைகளில் மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும் இரும்புத் தூண்கள். மேலே முழுவதும் வண்ணக் கண்ணாடி விதானம். வெயில் அதன் வழியே இறங்கும்போது தரையில் நிற்பவர் உடைமீதும் நீலமும் பச்சையும் படிகின்றன. அந்தக் கண்ணாடி முழுக்க மயில்கள்.

தூண்களும் விதானமும் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் வார்த்துச் செய்யப்பட்டவை. அங்கே வால்ட்டர் மக்ஃபார்லேன் என்பாரின் வார்ப்பாலை அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஆனால் அந்த மயில்களை வரைந்து கொடுத்தவர்கள் மைசூர் ஓவியர்கள். ஐரோப்பாவில் வண்ணக் கண்ணாடி என்றால் தேவாலயச் சாளரங்களே நினைவுக்கு வரும். அத்தொழிலில் தேர்ந்த கைகள், கடல் கடந்து வந்த கோலத்தைப் பார்த்து மயில் தோகையை அமைத்தன.

ஒரு கல்யாணத்தில் எரிந்த வீட்டில், அடுத்த கல்யாணங்களுக்கான மண்டபம் எளிதில் தீப்பிடிக்காத இரும்பாலும் கண்ணாடியாலும் எழுந்தது என்பதை எண்ணிக்கொண்டு மேலே பார்த்தால், அந்த மயில்களின் அழகு வேறுவிதமாகத் தோன்றும். மகாராணியார் இரும்பைத் தேர்ந்ததில் மோகத்தைவிட அனுபவம் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

மண்டபத்துச் சுவர்களில் தசரா ஊர்வலத்தைக் காட்டும் 26 பெரிய ஓவியங்கள் உள்ளன. முறை ஐரோப்பியத் தைல வண்ண முறை. வரைந்தவர்கள் மைசூர்க் கலைஞர்கள். யானை, ஒட்டகம், குதிரை, வேதியர், வாத்தியக்காரர், வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் என்று முகம் முகமாக எழுதியிருக்கிறார்கள்.

கிளாஸ்கோவிலிருந்து சிறிது தூரத்தில் பெய்ஸ்லி என்றொரு ஊர் இருக்கிறது. காஷ்மீரத்துச் சால்வைகளை மன்னர்களும் பிரபுக்களும் போர்த்தியதைக் கண்டு ஐரோப்பியப் பெண்மணிகள் ஆசைப்பட்டார்கள். அசல் சால்வை விலை கட்டுப்படியாகாத பலருக்காக, 19ஆம் நூற்றாண்டில் பெய்ஸ்லி நெசவாளர்கள் அதே போன்ற சால்வைகளைத் தறியில் நெய்தார்கள். சால்வையில் இருந்த மாங்காய் வடிவத்துக்கு உலகம் இன்று வழங்கும் பெயரே பெய்ஸ்லி. நம் வீட்டுப் பெரியவர்கள் பட்டுச் சேலைக் கரையில் பார்த்துப் பார்த்து வாங்கும் அதே மாங்காய்தான். ஆக, மைசூர் மயில் ஸ்காட்லாந்துக்குப் போகுமுன்பே காஷ்மீரத்து மாங்காய் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

நம் தெய்வங்களும் போயிருந்தனர். இங்கிலாந்தில் செசின்கோட் என்ற இடத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றித் திரும்பிய சார்லஸ் காக்கெரல் என்பவர் 1805 வாக்கில் இந்திய பாணியில் ஒரு மாளிகை கட்டினார். யோசனை சொன்னவர் தாமஸ் டேனியல். 1792, 93ஆம் ஆண்டுகளில் மதுரை, தஞ்சை என நம் பக்கமெல்லாம் சுற்றிக் கோயில்களை வரைந்து சென்ற ஓவியர். அந்த மாளிகைத் தோட்டத்தில் சூரிய பகவானுக்கு ஒரு சிறு கோயில் அமைத்தார்கள். பாலத்தின் மேல் நந்திகளை வைத்தார்கள். அதைக் கண்டு மகிழ்ந்த இளவரசர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர், பிரைட்டன் கடற்கரையில் தம் மாளிகையையே வெங்காயக் குவிமாடங்களோடு மாற்றிக் கட்டுவித்தார்.

இரண்டும் கொடுக்கல் வாங்கல்தான் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. செசின்கோட்டுச் சூரியனுக்கு விளக்கேற்றுவார் இல்லை. அவர் தோட்டத்து அலங்காரம். மைசூருக்கு வந்த கிளாஸ்கோ இரும்போ மாங்கல்யதாரணம் நடக்கும் மண்டபத்தைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்தோர் நம் தெய்வத்தை அழகுக்காக எடுத்துக்கொண்டார்கள். இங்கே அவர்களுடைய அழகுப் பொருள் சடங்குக்கு உரியதாகிவிட்டது. இதற்காக அவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. டேனியல் வரைந்து வைத்திராவிட்டால், அன்றிருந்தபடியே நம் கோயில்கள் சிலவற்றை இன்று காண முடியாது.

மாடியில் உள்ள அம்பா விலாச மண்டபம் மன்னரின் அந்தரங்கக் கொலு மண்டபம். தந்தம் இழைத்த ஈட்டி மரக் கதவு வழியே அதற்குள் செல்ல வேண்டும்; அக்கதவு ஒரு விநாயகர் சன்னிதியில் திறக்கிறது. உள்ளே பொன் பூச்சுத் தூண்கள், வண்ணக் கண்ணாடி, தொங்கும் சரவிளக்குகள். தரையிலோ ஆக்ரா கலைஞர்கள் கல்லில் கல் பதித்துச் செய்த பூ வேலை. பொதுமக்கள் கொலுவுக்கான பெரிய மண்டபத்தின் பின்சுவரில் சக்தியின் எட்டு வடிவங்களை எழுதியிருக்கிறார்கள். அங்கேயே ராஜா ரவிவர்மாவின் ஓவியமும் ஒன்று உண்டு.

ரவிவர்மாவைக் காண வேண்டியவர்கள் ஜகன்மோகன் அரண்மனைக்கும் போக வேண்டும். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் தைல வண்ணம் தீட்டுவதை அருகிருந்து பார்த்தே அக்கலையைப் பழகியவர் அவர். தம் கடைசிக் காலத்தில், இளைய மகாராஜா கிருஷ்ணராஜரின் அழைப்பை ஏற்று, புராணக் காட்சிகளாக ஒன்பது ஓவியங்களை மைசூருக்கு எழுதிக் கொடுத்தார். 1906இல் காலமானார். 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்பத்தோடு அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் எத்தனையோ இல்லங்களின் பூசையறைக்குள் வந்துவிட்டார்கள். தாமரைமேல் நிற்கும் லட்சுமியின் முகத்தை நினைத்தவுடன் பலர் மனத்தில் தோன்றுவது அவர் தந்த முகமே. அந்தப் படத்துக்குக் குங்குமம் இடும் பாட்டி எவரும் அது ஐரோப்பிய முறையில் எழுதியது என்று யோசித்ததில்லை. யோசிக்க வேண்டியதும் இல்லை.

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். எரிந்துபோன மர அரண்மனையோடு பழைய வேலைப்பாடுகள் பலவும் போயின. இரும்பும் கண்ணாடியும் எத்தனை அழகாயினும் அந்த இழப்பு இழப்பே.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் மாலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்விளக்குகள் அரண்மனை முழுவதும் ஒருசேர ஒளிர்கின்றன. வராக சுவாமியின் சாயரட்சையை முடித்துக்கொண்டு வெளியே வருபவர்களுக்கு அக்காட்சி தானே கிடைக்கும்.

தசரா நாட்களில் சென்றால் பொம்மைத் தொட்டியை நிதானமாகப் பார்ப்பது நல்லது. நம் கொலுவை ஒத்த மண்டபம் அது. ஐரோப்பியச் சிலைகளும் நம் பொம்மைகளும் ஒன்றாக இருக்கின்றன. சுமார் 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரிதான் அரண்மனைச் செல்வங்களில் தலையாயது. விஜயதசமியன்று அதில் யானைமேல் அமர்ந்து மன்னர் பவனி வந்த காலம் உண்டு. 1971இல் மன்னர்களுக்குரிய மானியம் நிறுத்தப்பட்ட காலத்தையொட்டி அவ்வழக்கம் நின்றது. இப்போது அந்த இருக்கையில் எழுந்தருள்பவள் சாமுண்டீசுவரி. பீரங்கிகள் முழங்க, கஜலட்சுமி பார்த்திருக்கும் முகப்பின் முன்னிருந்து யானை அடியெடுத்து வைக்கிறது. ஊர்வலம் ஐந்து கிலோமீட்டர் கடந்து பன்னிமண்டபத்தை அடைகிறது. பன்னி என்று கன்னடத்தில் சொல்வது நம் வன்னி மரத்தைத்தான். அங்கே வன்னிக்குப் பூசை நடக்கிறது.