கணக்குக் கேட்பது குற்றமா?

எங்கள் மஹல்லாவில் நோன்புக் கஞ்சிக் கணக்கு பல்லாண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. அரிசி, பருப்பு, வெந்தயம், விறகு, சமையற்காரர் கூலி என்று நாள்தோறும் எழுதி வைப்பேன். பெருநாள் கழிந்த முதல் ஜும்ஆவில் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதம் இவ்வளவு என மூன்றே தொகைகளைப் படித்துவிட்டு அமர்ந்துவிடுவேன். “ஹஜரத் படித்தால் சரியாகத்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் தலையசைப்பர்.

ஓராண்டு, என்னிடமே அலிஃப், பே ஓதிய இளைஞர் ஒருவர் எழுந்து, “ஹஜரத், விறகுக்கு மட்டும் எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “என்னைத் திருடன் என்கிறாயா?” என்று கேட்டுவிட்டேன். அவர் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு கணக்கு நோட்டைப் பிரித்தபோது, ஒரே விறகு வண்டியை இரண்டு இடங்களில் எழுதியிருக்கக் கண்டேன். கஞ்சிப் பணமும் என் பணமும் ஒரே பெட்டியில் கிடந்தமையால் மிகுதித் தொகை எனக்கே தெரியாமற் போயிற்று. அதை எடுத்துக் கஞ்சிப் பணத்தில் சேர்த்தேன். ஆனால் ஜமாஅத்தில் எழுந்து சொல்லவில்லை. இப்பொழுதுதான் எழுதுகிறேன்.

அந்த வெட்கம் மனத்தில் கிடந்த நாட்களில்தான் முந்த்ரா விவகாரம் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1956ஆம் ஆண்டில் ஆயுள் காப்பீட்டைத் தேசவுடைமையாக்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை அரசு நிறுவியது. (ஆயுள் காப்பீடு மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்னும் சர்ச்சை வேறு; அது இங்கு வேண்டா.) மறு ஆண்டு ஜூன் மாதத்தில், கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவுக்குச் சொந்தமான ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. கழகத்துக்கென்றே முதலீட்டுக் குழு ஒன்று இருந்தும் அதனிடம் முன்னதாகக் கேட்கவில்லை. பணமோ சிறுகச் சிறுகப் பிரிமியம் கட்டிய குடும்பங்களுடையது.

இதை 1957 டிசம்பர் 16இல் மக்களவையில் விரித்துரைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரஸின் உறுப்பினரும், பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தியே ஆவார். நிதியமைச்சரோ நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, திறமையில் எவரும் குறை கூற இயலாதவர். மாமனாரின் ஆட்சி, சொந்தக் கட்சி, பெரிய மனிதர்: வாயை மூடிக்கொள்ள இவற்றில் ஒன்றே போதும். அவருக்கு மூன்றும் இருந்தன.

விசாரிக்க நியமிக்கப்பட்டவர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா. அவர் கதவை அடைத்துக்கொண்டு விசாரிக்கவில்லை. பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். கூட்டம் உள்ளே கொள்ளாமல், வெளியே நின்றவர்களுக்காக ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்பது அவர் கண்ட முடிவு. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார்.

இதில் பலரும் கவனியாத ஒன்றுண்டு. சபையில் உறுப்பினர் எதைப் பேசினாலும் அவர்மீது வழக்குத் தொடர இயலாது. ஆனால் அப்பேச்சை அப்படியே அச்சிடும் பத்திரிகைக்கு அந்தக் காப்பு சட்டத்தில் இல்லாதிருந்தது. அதைப் பெற்றுத் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம், இதே பெரோஸ் காந்தி தனி உறுப்பினராகக் கொணர்ந்த மசோதாவே. கேள்வி கேட்கும் முன்னரே அது ஊருக்குக் கேட்கும்படி வழி செய்து வைத்தார் அவர். நெருக்கடி நிலையின்போது அச்சட்டத்தை நீக்கினார்கள். 1977இல் அது மீண்டது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அக்காப்பை அரசியலமைப்பிலேயே சேர்த்தது.

அரசியலமைப்பின்படி, சபை சட்டமியற்றி ஒதுக்காமல் தொகுநிதியிலிருந்து அரசு ஒரு காசும் எடுக்கலாகாது. செலவழிந்த பின்னர்க் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை வருகிறது. 22 உறுப்பினர் கொண்ட பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. அமைச்சர் எவரும் அக்குழுவில் இருத்தலாகாது. 1967 முதல் எதிர்க்கட்சியினரே அதன் தலைவராவது மரபு. அரபு நாடுகள் சிலவற்றில் தணிக்கை அலுவலகத்துக்கு ‘தீவானுல் முஹாஸபா’ என்று பெயர். ஓதும் காலத்தில் முஹாஸபா என்பதற்குத் தன்னைத்தானே கணக்குக் கேட்டுக்கொள்ளல் என்றே பொருள் படித்தேன். பிறர் கேளாதவரை அது எனக்கு எளிதாகவே இருந்தது!

ஏற்பாடு இருந்தாலும், கேட்பதற்கு நேரம் வேண்டுமன்றோ? மானியக் கோரிக்கைகளை விவாதிக்கக் குறித்த நாள் முடிந்ததும், எஞ்சியவற்றை ஒரே வாக்கெடுப்பில் நிறைவேற்றும் முறைக்குக் ‘கில்லட்டின்’ என்று பெயர். தலை வெட்டும் எந்திரத்தின் பெயரேதான். பெரும்பாலும் சில துறைகளையேனும் விவாதித்துவிட்டு மற்றவற்றை வெட்டுவர். 2018இல் மக்களவை ஒரு துறையையும் விவாதிக்காமல் அத்தனையையும் நிறைவேற்றியது. 2023 மார்ச்சிலும் அவ்வாறே, ஏறத்தாழ 45 இலட்சம் கோடி ரூபாய்க்கான திட்டம் அமளிக்கிடையே நிறைவேறிற்று. அமளி செய்தவர்களும், அமளியைச் சாக்காகக் கொண்டவர்களும் அதில் பங்காளிகள் என்றே நான் கருதுகிறேன். 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை ஆராய்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அக்குழுக்கள் கூடுவது மூடிய அறையில். அமைச்சர் எழுந்து நின்று ஊரறிய விடை சொல்வதற்கு அது ஈடாகாது.

மூன்று தொகைகளைப் படித்துவிட்டு அமர்ந்தவன் இதைக் குறை கூறலாமா என்று கேட்பீர்கள். கூறலாம் என்றே தோன்றுகிறது. அந்த அமர்தலின் சுகம் எனக்குத் தெரியும்.

மறு ஆண்டு கணக்கை இனவாரியாக எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினேன். அந்த இளைஞர் அதற்குள் பிழைப்புக்காகச் சார்ஜா போய்விட்டார். ஒரு படியை அவருக்கு அனுப்பி, விறகு வண்டி விவரத்தையும் எழுதினேன். பதிலில் அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. வெந்தயத்தை ஏன் சில்லறையாக வாங்கினீர்கள், மூட்டையாக வாங்கினால் குறையுமே என்று மட்டும் கேட்டிருந்தார்.