ஜயிப்பார்களா?

நம் தேசத்துப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக் கால்பந்தாட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள் என்று 2025 ஜூலையில் வீட்டில் சொன்னேன். "ஜயிப்பார்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

சந்தேகம் நியாயமானதுதான். 2022-ல் அந்தப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. நடத்துகிறவர்கள் என்பதால் இடம் தானாகக் கிடைத்தது. ஈரானுடன் ஓர் ஆட்டம். இரு பக்கமும் கோல் இல்லை. அதற்குள் கொரோனா வந்து நம் குழுவில் பலரைப் படுக்க வைத்துவிட்டது. தோற்காமலே வெளியேறினோம்!

2025-ல் சங்கதி வேறு. ஜூலை 5-ந் தேதி, சியாங் மாயில், தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டவை. ஆனால் பிறகு நம் பிரிவில் வந்து விழுந்தது ஜப்பான்; 2011-ல் உலகக் கோப்பையையே வென்ற குழு!

அம்பத்தூரில் எங்கள் தெருவில், பெண் பத்தாவதுக்கு வந்ததும் பந்து பரணுக்குப் போய்விடுகிறது. என் பெண் எட்டாவது. அவள் பந்துக்கும் நாள் குறித்தாகிவிட்டது. "ஆட்டம் சோறு போடுமா?" என்கிறார்கள். தேசத்துக்காக ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன், தமிழகப் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனாரே!

பதினோரு பேரைப் பொறுக்கி எடுக்க, மைதானத்தில் பதினோராயிரம் பேராவது வேண்டாமா? பரணிலிருந்து பந்தை இறக்கிக் கொடுங்கள், தாய்மார்களே! கோப்பையைப் பற்றி அப்புறம் பேசலாம்.