மீதி உங்கள் கையில்

அஞ்சல் கலையில் பாதி வேலை அதைப் பெறுகிறவருடையது. உறையும் அட்டையும் செய்து பல ஊர்களுக்கு அனுப்பி வருகிறேன் என்றாலும், எனக்கு வந்து சேர்ந்தவைதான் இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தன. கண்காட்சியில் ஒரு படத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். தபாலில் வந்தது அப்படி விடாது. என் பெயர் எழுதி வந்திருக்கிறது, என்னிடம் எதையோ கேட்கிறது.

சமீபத்தில் ஜெர்மனியிலிருந்து ஓர் ஓவியர் அனுப்பிய உறை வந்தது. பழைய நிலப்படத் தாளை மடித்துச் செய்தது. படத்தில் ஓடும் ஆற்றின் வளைவிலேயே என் முகவரியை எழுதியிருந்தார் அந்த ஓவியர். வீட்டு எண் மலையில் தொடங்குகிறது, பின்கோடு கடலில் போய் முடிகிறது. வலது மூலையில் ஜெர்மன் தபால் தலை. அதை ஒட்டினாற்போல, அதே அளவில், அவரே செய்த தலை ஒன்று: அதில் ஒரு கோழி, நாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி, விலை ஒரு முட்டை. தபால்காரத் தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அக்கா, இதுல எது நிஜ ஸ்டாம்பு?"

காட்டினேன். அவர் கண் கோழியை விட்டு நகரவில்லை. "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ரத்து முத்திரையின் அலைக்கோடுகள் இரண்டு தலைகளின் மீதும் ஒரே வீச்சில் ஓடியிருந்தன. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடத்தைத்தான். ஓவியர் வரைந்தது ஒரு பங்கு, எங்கோ ஒரு தபால் அலுவலகம் சேர்த்தது இன்னொரு பங்கு. மூலை மடங்கியது, மழைத்துளி பட்டு மை கசிந்தது, வழியில் யாரோ பேனாவால் போட்ட குறி எல்லாமே படைப்பைச் சேர்ந்தவை. அதனால்தான் அஞ்சல் கலையை இன்னொரு கவருக்குள் பத்திரமாக வைத்து அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை. அது வெறும் உடம்போடு பயணம் போக வேண்டும்.

சொந்தமாகத் தபால் தலை செய்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. உரிய கட்டணத்துக்கு உண்மையான தலையை ஒட்டியாக வேண்டும். எந்த நாட்டின் தலையையும் நகலெடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் காத்தால், மற்றபடி வானமே எல்லை. அமெரிக்க ஓவியர் டொனால்ட் எவன்ஸ், இல்லாத நாடுகளைக் கற்பனை செய்து அவற்றுக்கு நீர்வண்ணத்தில் தபால் தலைகள் வரைந்தார். 1977-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த தீ விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 31. ஓரத்துப் பல்வரிசைக்கு அவர் பழைய தட்டச்சுப் பொறியில் முற்றுப்புள்ளியை வரிசையாக அடித்தார். நான் தையல் மெஷினில் நூல் கோக்காமல் ஓட்டுகிறேன். தாளில் ஓடிய ஊசி மழுங்கிவிடும், பிறகு துணிக்கு ஆகாது. அதற்கென்று ஓர் ஊசியைத் தனியே வைத்திருக்கிறேன். தையலின் நீளத்தைக் கூட்டிவைக்க வேண்டும். துளைகள் நெருங்கினால் கையில் எடுக்கும்போதே தாள் கிழியும்.

இந்தக் கலையைப் பற்றிப் பேசினால் ரே ஜான்சனைத் தொடாமல் போக முடியாது. நியூயார்க்கில் 1950-களிலிருந்தே சிறு கொலாஜ்களையும் கத்தரித்த துண்டுகளையும் நண்பர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் தபாலில் அனுப்பியவர். முயல்தலை ஒன்றைக் கோட்டில் வரைந்து, இதில் ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்பார். சிலருக்கு, இதை இன்னாருக்கு அனுப்பிவையுங்கள் என்று எழுதுவார். 1970-இல் விட்னி அருங்காட்சியகத்தில் அவர் பெயரில் கண்காட்சி வைத்தபோது சுவரை நிறைத்தவை அவர் தொடர்பிலிருந்தவர்கள் அனுப்பிய பொருள்கள். ஒரு கலைஞர் தன் கண்காட்சியில் பிறர் அனுப்பியதைத் தொங்கவிட்டார் என்பதை நான் ஒரு பெரிய தீர்மானமாகவே எடுத்துக்கொள்கிறேன். பெற்றவர்கள் பதில் எழுதாமல் இருந்திருந்தால் அங்கே வெறும் சுவர்தான்.

ஜப்பானில் ரியோசுகே கோஹென் 1985-இல் தொடங்கிய 'பிரெய்ன் செல்' அதே எண்ணத்தை வேறு வழியில் எடுத்துப் போகிறது. உலகெங்கிலுமிருந்து வரும் முத்திரைகள், ஒட்டுப்படங்கள், கிறுக்கல்களை ஒரே தாளில் நெருக்கி அச்சிட்டு, பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் முகவரிப் பட்டியலோடு அனுப்புகிறார். ஆயிரம் இதழ்களைத் தாண்டிவிட்டது. அப்படியொரு தாளைப் பிரிக்கும்போது முதலில் என் துண்டைத்தான் தேடுவேன். கொஞ்ச நேரத்தில் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்குவேன். அடுத்த உறை அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும்.

இந்த உலகில் எழுதாத சட்டங்கள் சில இருக்கின்றன. கண்காட்சிக்கு அழைத்தால் நடுவர் கிடையாது, கட்டணம் கிடையாது, வந்ததைத் திருப்பித் தர வேண்டியதில்லை, பங்கேற்ற எல்லோருக்கும் ஓர் ஆவணம் அனுப்பியாக வேண்டும். விற்பனையும் கிடையாது. கலைச் சந்தையின் விலைகளைக் கேள்விப்படும்போதெல்லாம், முட்டை விலை போட்ட அந்தக் கோழியை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

விளையாட்டுதானே என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. விளையாட்டைக் கண்டு அரசுகள் பயந்திருக்கின்றன. பிரேசிலின் ரெசிஃபே நகரில் 1976-இல் பவுலோ புருஸ்கி நடத்திய பன்னாட்டு அஞ்சல் கலைக் கண்காட்சியை ராணுவ ஆட்சிக்காலப் போலீஸ் இழுத்து மூடிவிட்டு அவரைக் கைது செய்தது. உருகுவேயில் அஞ்சல் கலைஞர் கிளெமென்டே பதீனை 1977-இல் சிறையில் அடைத்தார்கள். அவரை விடுவிக்கக் கோரி, அதுவரை முட்டையும் முயலும் அனுப்பிக்கொண்டிருந்த அதே கைகள் பல நாடுகளிலிருந்து கடிதம் எழுதின. முகவரிப் பட்டியல் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போதுதான் தெரிந்திருக்கும்.

வந்ததைத் திறப்பதற்கும் கைப்பழக்கம் வேண்டும். பின்பக்க மடலைப் பிய்க்க மாட்டேன், அங்கேதான் பலர் கடைசிக் குறும்பை ஒளித்துவைப்பார்கள். முத்திரை படாத அடியோரத்தை மெல்லிய பிளேடால் கீறுவேன். வந்த தேதியைப் பென்சிலில் குறித்துக்கொள்வேன். உடனே பதில் செய்ய உட்கார்ந்தால் அவர்கள் செய்ததையே நானும் செய்துவிடுவேன். அதனால் சமையலறை அலமாரியின் கதவில் செருகிவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். ஒரு நாள் காய் நறுக்கும்போது, அழிரப்பரில் செதுக்க வேண்டிய உருவம் இதுதான் என்று தானாகத் தெரியும். எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் 'ண' ஒன்றுக்கே ஒரு மாலை போய்விடும். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத ஒருவர் அதை வெறும் வடிவமாகப் பார்ப்பார் என்பதே அவ்வளவு நேரம் செலவிடப் போதுமான காரணம்.

கவலையும் இல்லாமல் இல்லை. டென்மார்க்கில் அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நார்ட் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது, சிவப்புப் பெட்டிகளைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டார்கள். படத்தை ஸ்கேன் செய்து அனுப்பலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாம், பார்க்கலாம். ஆனால் வழியில் யாரும் அதன்மேல் கைவைக்க மாட்டார்கள், நானும் என் பங்குக்கு எதையும் ஒட்ட முடியாது. எனக்கு அது பாதிதான்.

இப்போது என் மேசையில் விசிறி மடிப்பில் செய்த ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் செய்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், கடைசிப் பக்கம் நிரம்பியதும் தொடங்கியவருக்கே திரும்ப வேண்டும். ஊதா மையில் ஒரு குடை, ரயில் டிக்கெட்டுகளால் ஆன ஒரு மீன், தைத்துப் பொருத்திய ஒரு பொத்தான் எல்லாம் அதில் ஏறிவிட்டன. கடைசிப் பக்கம் எனக்கு வந்திருக்கிறது. நான் அதே தடிமனில் தாள் தேடிப் பிடித்து, மைதாப் பசை காய்ச்சி, இன்னும் நான்கு மடிப்புகளைச் சேர்த்து ஒட்டிவிட்டேன். நாளை அது பிரேசிலுக்குப் புறப்படுகிறது. தொடங்கியவருக்குத் தனியாக ஓர் அட்டை போட்டிருக்கிறேன்: உங்கள் புத்தகம் வளர்ந்துவிட்டது, திரும்பிவர நாளாகும்.